மெச்னிகாவ் என்னும் உயிர்நூற் புலவர்

விரலில் முள் தைத்த மறுநாள் அவ்விடம் சிவந்து வீங்குதலும், சில நாளிற் சீழ் கட்டுதலும் யாவரும் அறிந்தனவே. ஆயினும் அச்சீழ் யாதென்று கேட்பார் அரியர். அருவருத்துத் துடைத்தெறிதலோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. மருத்துவப் பெரும்புலவர் பலரும் நெடுங்காலம் அதனைக் கேட்டின் அறிகுறியாகவே கொண்டிருந்தனர். அச்சீழின் பெரும்பகுதி நம்மைக் காக்கப் பொருது மாண்ட உயிரணுக்களின் குவையே என்னும் கருத்தை உலகில் நிலைநாட்டியவர் இலியா மெச்னிகாவ் என்னும் அறிஞர். அவர் அதனைக் கண்ட வரலாறும், கண்டதனை உலகம் ஒப்புக்கொள்ளுமாறு செய்தற்குக் கால் நூற்றாண்டு அவர் பட்ட பாடும், அவர் காலத்தில் விடைபெறாதிருந்த வினாவொன்று அவருக்குப் பின்னர் விடைபெற்ற வகையும் நம் மாணவர் அறியத்தக்கன என்று கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

மெச்னிகாவ் 1845ஆம் ஆண்டு மே மாதத்திற் கார்க்கிவ் நகரை அடுத்த சிற்றூரொன்றிற் பிறந்தார். அந்நிலம் அக்காலத்தில் ருஷியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. இந்நாளில் உக்ரெயின் நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் அரச காவற்படையில் அதிகாரியாயிருந்தவர். அன்னையார் எமீலியா, யூத குலத்து எழுத்தாளர் ஒருவரின் புதல்வியார். மக்கள் ஐவருள் இவரே இளையவர். சிறு வயதிலேயே செடி கொடிகளின் பெயரையும் இயல்பையும் ஆராய்ந்து, உடன்பிறந்தாரையும் அயல்வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி வைத்துச் சொற்பொழிவு செய்வாராம். கேட்போர் எழுந்து போகாதிருத்தற்பொருட்டுத் தம் கைக்காசினின்று ஆளுக்குச் சிறிது கொடுப்பதும் உண்டாம். வகுப்பிற் பிள்ளைகள் இருப்புக்கொள்ளாமை கண்டு வருந்தும் ஆசிரியர் எவரேனும் இம்முறையைக் கைக்கொள்ள விரும்பின் அவரை யாம் தடுக்கமாட்டோம்.

கார்க்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் பாடத்தை இரண்டே ஆண்டில் முடித்து, 1864ஆம் ஆண்டில் அவர் வெளிப்போந்தார். பின்னர் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் கடல்வாழ் உயிர்களையும் புழுக்களையும் ஆராய்ந்து திரிந்தார். கையிற் பொருள் இல்லை, கண்ணோ வலுவில்லாதது, உருப்பெருக்கிக் கண்ணாடியிலே நாள் முழுதும் குனிந்திருந்தமையால் அது மேலும் நலிந்தது. 1865ஆம் ஆண்டில் கீசன் நகரிலே தட்டைப் புழுவொன்றை ஆராய்கையில், அதன் உணவு நம் வயிற்றிற் கரைவதுபோற் புறத்தே கரையாமல், உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து செரித்தலைக் கண்டார். அக்காட்சியின் பொருள் அவருக்கு அன்று முற்றும் விளங்கிற்றில்லை. பதினேழாண்டு கழித்து அது பயன் தந்தது. நேப்பிள்ஸ் நகரிற் கவலெவ்ஸ்கி என்னும் நண்பருடன் கருவியல் ஆராய்ந்து, 1867ஆம் ஆண்டில் இருவரும் பேயர் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். அவ்வாண்டே இருபத்திரண்டு வயதில் ஒடெஸ்ஸா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயினார்.

கல்வியில் இத்துணை விரைந்து உயர்ந்தவருக்கு இல்வாழ்வு இன்பந் தரவில்லை. அவர் மணந்த லுத்மீலா என்னும் மங்கை காசநோயால் மெலிந்திருந்தாள். திருமணத்தன்று கோயிலுக்கு அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. நல்ல காற்றை நாடி ஊர் ஊராக அவளைக் கொண்டுசென்றார். செலவுக்குப் பொருள் தேட இரவும் பகலும் உழைத்தார். 1873ஆம் ஆண்டு ஏப்பிரலில் மடெய்ரா என்னும் தீவில் அவள் இறந்தாள். துயரம் தாளாது மெச்னிகாவ் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, நல்வினைவயத்தாற் பிழைத்தார். 1875ஆம் ஆண்டில் ஓல்கா என்னும் இளம்பெண்ணை மணந்தார். அவளும் 1880ஆம் ஆண்டில் டைபாய்டுச் சுரத்தால் இறக்குந் தறுவாய்க்குச் சென்று மீண்டாள். அடுத்த ஆண்டில், மனம் மிக நொந்த நிலையில், மெச்னிகாவ் ஒருவகை மறுசுரம் கண்ட நோயாளியின் இரத்தத்தைத் தம் உடம்பிற் புகுத்திக்கொண்டார். அந்நோய் இரத்தத்தாற் பரவுமாவென்று அறிதல் ஒரு நோக்கம். வாழ்வில் வெறுப்பு மற்றொன்று. கடுஞ்சுரங் கண்டு மீண்டும் பிழைத்தார். நோயினின்று எழுந்தபோது, வாழவேண்டும் என்னும் வேட்கை முன்னில்லாத அளவு அவரிடம் மிகுந்திருந்தது என்று ஓல்கா எழுதிய வரலாற்றால் அறிகின்றோம். நோயும் சாவும் அவருக்கு ஏட்டுச் செய்தியல்ல. தம் வீட்டில் இருமுறையும் தம் உடம்பில் இருமுறையும் வந்து நின்றவை.

1881ஆம் ஆண்டில் ருஷியச் சக்கரவர்த்தி கொலையுண்டபின் பல்கலைக்கழகங்களில் அடக்குமுறை மிகுந்தது. அதனைப் பொறாது மெச்னிகாவ் 1882ஆம் ஆண்டிற் பதவியைத் துறந்து, மனைவியோடும் அவள் தம்பி தங்கையரோடும் சிசிலித் தீவிலுள்ள மெஸ்ஸினா நகரை அடைந்தார். கடற்கரையோரத்திற் சிறு வீடு. அதன் கூடமே ஆராய்ச்சிச்சாலை. அவ்வாண்டு இறுதியில் ஒருநாள் வீட்டார் அனைவரும் வித்தை பழகிய குரங்குகளைக் காணச் சர்க்கஸுக்குச் சென்றனர். இவர் தனித்திருந்து நட்சத்திர மீனின் இளவுருவை உருப்பெருக்கியில் நோக்கிக்கொண்டிருந்தார். அவ்விளவுரு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடம்புடையது. அறுக்காமலே அதன் உள்ளெல்லாம் காணலாம். அதனுள்ளே சில உயிரணுக்கள் ஓரிடத்தில் நில்லாது ஊர்ந்து திரிந்தன. அவற்றை முன்னரும் பலமுறை கண்டிருந்தார். அன்று மட்டும் ஒரு புதிய எண்ணம் தோன்றிற்று. உணவை விழுங்கும் இவ்வுயிரணுக்கள் பகையையும் விழுங்கினால் என்ன? உடம்பினுள் அயற்பொருள் புகுந்தால் இவை அதனைச் சூழ்ந்து தாக்குமன்றோ?

எண்ணம் தோன்றியவுடன் அவரால் இருக்க முடியவில்லை. அறையிற் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடற்கரைக்குச் சென்று மீண்டார். வீட்டின் சிறு தோட்டத்திலே, சில நாள் முன்னர்ப் பிள்ளைகளுக்காகக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்த கிச்சிலி மரம் நின்றது. அங்கே சென்று ரோஜாவின் முட்கள் சிலவற்றைப் பறித்து வந்து, அவ்விளவுருவின் தோலுக்கடியிற் செருகினார். அன்றிரவு உறங்கவில்லை. விடிந்ததும் உருப்பெருக்கியிற் கண் வைத்தார். முள்ளைச் சுற்றி ஊருயிரணுக்கள் திரளாக மொய்த்திருந்தன. இரத்தக்குழாய் இல்லாத அச்சிறு பிராணியிலும் இது நிகழக்கண்டமையின், வீக்கத்துக்கு மூலகாரணம் இரத்தக்குழாய்களின் மாறுபாடே என்றிருந்த கொள்கை ஆட்டங் கண்டது. உயிரணுக்கள் தாமே சென்று பொருதலே முதல். ஏனையவெல்லாம் அவற்றுக்குத் துணை.

1883ஆம் ஆண்டில் மெஸ்ஸினாவுக்கு வந்த விர்ச்சோ என்னும் ஜெர்மன் மருத்துவப் பேரறிஞர் இச்சோதனையைக் கண்டு ஊக்கமூட்டினார்; எனினும், வெள்ளணுக்கள் கிருமிகளைத் தம்மகத்தே ஏற்றி உடம்பெங்கும் பரப்புகின்றன என்பதே மருத்துவர் கொண்ட கொள்கையாதலால் எச்சரிக்கையோடு செல்லுமாறும் சொன்னார். வியன்னாவிற் கிளாவுஸ் என்னும் பேராசிரியர் முதலாயினோர் விழுங்கும் உயிரணு என்னும் பொருள்படப் பாகோசைட் என்னும் கிரேக்கப் பெயரை வகுத்துக் கொடுத்தனர். அடுத்த ஆண்டில் டாப்னியா என்னும் சிறு நீர்ப்பூச்சியை ஆராய்ந்து இன்னும் வலிய சான்றொன்று காட்டினார். ஒருவகைப் பூஞ்சையின் ஊசி போன்ற விதைகள் அப்பூச்சியின் குடலைத் துளைத்து உடம்பினுட் புகும். வெள்ளணுக்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்கிச் செரித்துவிட்டாற் பூச்சி பிழைக்கும். விதைகள் முளைத்துப் பெருகிவிட்டால் மடியும். ஒரு பிராணியின் உயிர் எப்பக்கம் சாயும் என்பது சில உயிரணுக்களின் ஊக்கத்தைப் பொறுத்திருத்தலை அவர் கண்ணாரக் கண்டார்.

இதன் பின்னர் அவர் வாழ்க்கை பெரும்போராகவே சென்றது. 1886ஆம் ஆண்டில் ஒடெஸ்ஸாவில் நிறுவப்பட்ட கிருமியியல் நிலையத்துக்குத் தலைவராயினார். மருத்துவப் பட்டம் பெறாதவர் மருத்துவ நிலையத்தை நடத்துதலா என்று உள்ளூர் மருத்துவர் எதிர்த்தனர். அடைப்பான் நோயைத் தடுக்க ஆடுகளுக்கு இட்ட ஊசி தவறி ஆயிரக்கணக்கான ஆடுகள் மடிந்தன. மெச்னிகாவ் 1888ஆம் ஆண்டில் ஒடெஸ்ஸாவை விட்டுப் பாரிஸ் மாநகருக்குச் சென்றார். முதுமையுற்றிருந்த லூயி பாஸ்டர் தம் புதிய நிலையத்தில் அவருக்கு இடமளித்தார். இறுதிவரை அந்நிலையமே அவர்க்கு வீடாயிற்று. அவரிடம் ஒடெஸ்ஸாவிற் பயின்ற மாணாக்கருள் ஒருவரான ஹாப்கின் அவரைப் பின்தொடர்ந்து பாரிஸுக்கு வந்து, 1893ஆம் ஆண்டில் இந்தியாவை அடைந்து வாந்திபேதிக்கும், 1897ஆம் ஆண்டிற் பம்பாயிற் பிளேக் நோய்க்கும் தடுப்பூசி இட்டமையை நம் நாட்டார் மறத்தல் தகாது.

எதிர்த்தோர் சிறியரல்லர். உயிரணுக்களின் தொழிலை ஒப்பாது, இரத்தத்தின் தெளிநீராகிய சீரமே கிருமிகளைக் கொல்வது என்றனர் ஜெர்மானிய அறிஞர். 1890ஆம் ஆண்டிற் பெஹ்ரிங்கும் ஜப்பானியராகிய கிதசாதோவும் நச்சினை மாற்றும் பொருள் சீரத்தில் உண்டாதலைக் கண்டபோது அவர்கள் கை ஓங்கிற்று. எட்டாத மேடையில் நின்று பேசும் எதிரியாயிற் புறக்கணிக்கலாம். மெச்னிகாவின் சொந்த ஆராய்ச்சிச்சாலையிலேயே 1895ஆம் ஆண்டிற் போர்டே என்னும் இளைஞர் சீரத்தின் ஆற்றலை ஐயத்துக்கிடமின்றி விளக்கிவிட்டார். ஆசிரியர் அம்மாணாக்கரைத் தடுக்கவில்லை, வெளியேற்றவும் இல்லை. போர்டே பின்னர் 1919ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றார். மெச்னிகாவ் வாதத்திற் கடுமையானவர், தம் கொள்கைக்கு மாறான ஒவ்வொரு சோதனைக்கும் மறுசோதனை செய்து விடையிறுக்காமல் ஓயாதவர் என்பது உண்மை. சிற்சிலவிடத்து அவர் தம் கொள்கையை அளவுக்கு மிஞ்சி நீட்டினார் என்பதும் எம் கருத்து. எனினும் தம் கூரையின்கீழ் விளைந்த எதிர்ச்சான்றை நசுக்காதிருந்தமையே அவருடைய வெற்றிகளினும் எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

1903ஆம் ஆண்டில் இலண்டனில் ரைட் என்பாரும் டக்ளஸ் என்பாரும், சீரத்திலுள்ள பொருள்கள் கிருமியின்மேற் படிந்து அதனை வெள்ளணுக்கள் விழுங்குதற்கு ஏற்றதாக்குகின்றன என்று காட்டினர். சோற்றுக்குக் குழம்பு போல ஒன்று மற்றொன்றுக்குத் துணை. போர் தணிந்தது. 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு மெச்னிகாவுக்கும், எதிரணியின் தலைசிறந்த அறிஞராகிய பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசு வழங்கப்பட்ட அதே டிசம்பரில், 28ஆம் நாள், நிலநடுக்கத்தால் மெஸ்ஸினா நகரம் அழிந்தது.

எர்லிக்கின் கொள்கையை ஈண்டுச் சிறிது சொல்லவேண்டும். உயிரணுவின் மேற்புறத்தே பலவகைப் பக்கச்சங்கிலிகள் உள்ளன. பூட்டுக்குச் சாவி போல நச்சுப்பொருள் தனக்கேற்ற சங்கிலியோடு பொருந்துகின்றது என்று 1897ஆம் ஆண்டில் அவர் உரைத்தார். உயிரணு பகையை எவ்வாறு இனங்காண்கின்றது என்பதற்கு இது விடை. இனங்கண்டபின் எவ்வாறு இயங்குகின்றது என்பதற்கு இதில் விடையில்லை. மெச்னிகாவோ இயக்கத்தைக் கண்டவர். எலும்பும் தசையுமற்ற அச்சிறு துளி கைபோல் நீண்டு பகையை வளைத்தலை ஆயிரமுறை வரைந்து காட்டியவர். ஆயினும் அக்கையை நீட்டுவது யாதென்பது அவருக்கும் தெரியாது. ஒருவர் மேற்புறத்தைக் கண்டார். மற்றவர் இயக்கத்தைக் கண்டார். இவ்விரண்டும் ஒன்றையொன்று நம்பி வாழ்வன என்று தெரிதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அவ்வறிவு வந்த வழி இது. 1942ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டிலே ஸ்ட்ராவுப் என்பார் தசையினின்று ஆக்டின் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். பின்னர் அப்புரதம் வெள்ளணுக்களிலும் காணப்பட்டது. ஆக்டின் துகள்கள் ஒன்றோடொன்று கோத்து இழையாகும். இழை கிளைத்து வலையாகும். தேவை தீர்ந்ததும் மறுபடி துகளாகும். இவ்விழைகளும் இவை போன்ற பிறவும் சேர்ந்து உயிரணுவின் உட்சட்டகம் ஆகின்றன. எலும்புக்கூடு போல நிலையாக நிற்பதன்று. நொடிக்குநொடி பிரித்துக் கட்டப்படும் பந்தலை ஒப்பது. அதன்மேற் போர்த்த சவ்வோ கொழுப்பினாலாய மெல்லிய படலம். அதிலே இனங்காணும் ஏற்பிகளாகிய புரதங்கள் நீரில் தெப்பம்போல் மிதக்கின்றன என்று 1972ஆம் ஆண்டிற் சிங்கரும் நிக்கல்சனும் விளக்கினர். எர்லிக் ஊகித்த சங்கிலிகள் இவையே எனலாம். ஏற்பி கிருமியைத் தொட்டவுடன் உள்ளே செய்தி செல்லும். அவ்விடத்துக்குக் கீழே ஆக்டின் வலை வளர்ந்து சவ்வைப் புறத்தே தள்ளும். சவ்வு கிண்ணம்போற் குழிந்து கிருமியை மூடும். மெச்னிகாவ் கண்ட கை இவ்வாறு நீண்டது.

இதனினும் வியப்பானது டி உயிரணுவின் செய்தி. நெஞ்செலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் என்னும் சுரப்பியில் வளர்தலின் அஃது அப்பெயர் பெற்றது. அச்சுரப்பியின் தொழிலை மில்லர் என்பார் 1961ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். டி உயிரணு கிருமியை விழுங்காது. தனித்துத் திரியும் கிருமியைப் பெரும்பாலும் அறியவும் அறியாது. பாகோசைட் முதலிய உயிரணுக்கள் கிருமியை விழுங்கித் துண்டித்து, அத்துண்டுகளைத் தம் மேற்புறத்திற் கடைவிரித்தாற்போல் வைத்துக் காட்டவேண்டும். அவற்றின்மேல் டி உயிரணு ஊர்ந்து தடவிச் செல்லும். பல்லாயிரம் பயனற்ற துண்டுகளுக்கிடையே தன் ஏற்பிக்குப் பொருந்தும் துண்டு மிகச் சிலவே இருக்கும். அவற்றைத் தொட்டதும் நின்றுவிடும். உருண்டையாயிருந்தது தட்டையாகப் பரந்து ஒட்டும். அதன் விளிம்பிலே ஆக்டின் இழைகள் வளர்ந்து நடுவை நோக்கி ஆறுபோற் பாயும். அவ்வெள்ளம் ஏற்பிகளைச் சிறு சிறு கூட்டமாக்கி நடுவிற்கு இழுத்துச் செல்லும். ஒட்டும் புரதங்கள் சூழ வளையமாக நிற்கும். இவ்வமைப்பைக் குப்பர் என்பாரும் அவர் துணைவரும் 1998ஆம் ஆண்டிற் படம்பிடித்துக் காட்டினர். ஏற்பி பெற்ற செய்தியால் உட்சட்டகம் எழுகின்றது. எழுந்த உட்சட்டகம் ஏற்பிகளைத் திரட்டிச் செய்தியை நிலைநிறுத்துகின்றது. எது முதல், எது பின் என்று பிரித்தல் அரிது. ஆக்டின் கோத்தலைத் தடுக்கும் பூஞ்சை நஞ்சொன்றை இட்டால், ஏற்பிகள் குறைவின்றி இருந்தும் டி உயிரணு முற்றும் விழித்தெழாது.

இஃது ஆராய்ச்சிச்சாலை வேடிக்கை மட்டுமன்று. 1937ஆம் ஆண்டில் விஸ்காட் என்னும் ஜெர்மன் மருத்துவர், ஒரே வீட்டில் உடன்பிறந்த ஆண்மக்கள் மூவர்க்கு இரத்தப்போக்கும் கரப்பானும் காதுச்சீழும் ஓயாது வருந்துதலை எழுதினார். 1954ஆம் ஆண்டில் ஆல்ட்ரிச் என்பார் அந்நோய் தாய்வழியாக ஆண்மக்களுக்கு இறங்குதலைக் காட்டினார். 1994ஆம் ஆண்டில் அதன் காரணமாகிய மரபணு கண்டறியப்பட்டது. சவ்வில் எழும் செய்தியை ஏற்று ஆக்டின் வலையை வளர்ப்பிக்கும் புரதம் அம்மக்களிடம் குறைபட்டிருந்தது. டி உயிரணுக்கள் பகையைத் தொட்டும் பற்ற இயலாமற் போயின. ஏற்றவருடைய எலும்பு மச்சையை மாற்றிவைத்தலால் அந்நோயினின்று மீண்ட பிள்ளைகள் பலர் உளர்.

மெச்னிகாவின் பிற்கால வாழ்வை விரைந்து சொல்லி முடிப்போம். முதுமையின் காரணத்தை ஆராயப் புகுந்த அவர், பெருங்குடலில் வாழும் கிருமிகளின் நச்சே மூப்பைத் தருவதென்று கொண்டு, புளித்த பாலை நாள்தோறும் உண்டார். ஐரோப்பிய நகரங்களெங்கும் தயிருக்கு ஒரே கிராக்கியாயிற்று. மோரில்லாமல் உண்டெழாத நாம் அதுபற்றி மகிழலாமாயினும், அக்கொள்கைக்கு அவர் காட்டிய சான்று, மெஸ்ஸினாவிற் காட்டியது போல் வலியதன்று. 1909ஆம் ஆண்டில் ருஷியா சென்று டால்ஸ்டாயைக் கண்டு அளவளாவினார். நீதிபதியாயிருந்து நடுவயதில் இறந்த மெச்னிகாவின் தமையனார் ஈவானின் முடிவே இவான் இலியிச்சின் மரணம் என்னும் டால்ஸ்டாயின் கதைக்கு வித்தாயிற்று என்பர்.

1914ஆம் ஆண்டில் உலகப்போர் மூண்டது. ஆராய்ச்சிச்சாலையின் இளைஞர் போர்க்களம் சென்றனர். எழுதுவோரும் சோதிப்போருமின்றி அறைகள் வெறிச்சோடின. எர்லிக் 1915ஆம் ஆண்டில் இறந்தார். மெச்னிகாவின் நெஞ்சு நாளுக்குநாள் தளர்ந்தது. பாஸ்டர் நிலையத்திலேயே படுக்கையிற் கிடந்து, தம் நோயின் போக்கைத் தாமே குறித்துவந்தார். 1916ஆம் ஆண்டு ஜூலையில், எழுபத்தோராம் வயதில் உயிர் பிரியுமுன், உடனுழைத்த மருத்துவ நண்பரை நோக்கித் தம் உடலை அறுத்துச் சோதிக்குமாறும், குடலைக் கவனமாகப் பார்க்குமாறும் கேட்டுக்கொண்டார். அவ்வாறே செய்தபின் உடல் எரியூட்டப்பெற்றது. சாம்பலைத் தாழியிலிட்டு அந்நிலையத்தின் நூல்நிலையத்திலே, அவர் நாள்தோறும் வந்து படித்த புத்தகங்களினிடையே வைத்தனர்.